நான் எடுத்துக் கொடுக்காத வசனம்

பேய் பிசாசு, காத்து கருப்பு எதையும் நம்பாதவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிப்பதற்குள் நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். மலாயாவில், லாபிஸுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப்பள்ளி வாத்தியாராக முப்பது வருஷம் இருந்தவன். தோட்டத்தில் பேய்க்கா பஞ்சம்? மேட்டுக்காட்டில் வெள்ளைச் சேலைக்காரி நிற்கிறாள் என்று லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் மொத்தமும் கதவைச் சாத்திக்கொண்டபோது, தனியாக நடந்து போய், யாரோ மரத்தில் மாட்டிவிட்டு மறந்துபோன கோணிச் சாக்கைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் போட்டவன். அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது. அதுவும் நடுராத்திரியில் இல்லை, சுடுகாட்டில் இல்லை. பிற்பகல் மூன்றரை மணிக்கு, ஜன்னல் வழியாக வெயில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மண்டபத்தில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்த கதை. ரப்பர் விலை விழுந்து, மெல்ல எழுந்துகொண்டிருந்த சமயம். ஜொகூர் பாருவில் கடலைப் பார்த்த மேட்டில் ஒரு கல்லூரி இருந்தது, பெயர் வேண்டாம். நீண்ட விடுமுறையில் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், விடுதி காலியாகக் கிடக்கும். அப்போது எங்களைப் போன்ற தோட்டத்துத் தமிழ் வாத்தியார்களை வரவழைத்து நான்கு வாரம் பயிற்சி வகுப்பு நடத்துவார்கள். வகுப்பு கிடக்கட்டும், எங்களுக்கெல்லாம் கண் கடைசி மூன்று நாள் மேல்தான். கலைவிழா. முதல் நாள் வராந்தா முழுக்க ஓவியமும் கைவேலையும், இரண்டாம் நாள் பாட்டும் பேச்சும், மூன்றாம் நாள் நாடகம். வெள்ளைக்காரத் தலைமையாசிரியர் ஆறு மணிக்குள் மண்டபத்தைப் பூட்டிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் நாடகம் மத்தியானமே தொடங்கிவிடும்.

முந்தைய இரண்டு வருஷமும் ஸ்திரீ பார்ட் நான்தான். பெண்கள் மேடை ஏறாத காலம். தற்பெருமை என்று நினைத்தாலும் சரி, நான் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றால் முன்வரிசையில் இருக்கிற தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணிகளே நிமிர்ந்து உட்காருவார்கள். மூன்றாவது வருஷம் நாடகத்தையும் நானே எழுதினேன். ராணி நீலவேணி என்று பெயர். வெள்ளத்தில் குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு ஆறு ஆறாகத் தேடிப் போகிற ராணி. கடைசிக் காட்சியில் அவள் தனியாக ஆற்றங்கரையில் நின்று பேசுகிறாள், ஒரு மூச்சில் சொல்ல முடியாத நீள வசனம், அதன் பிறகு ஒரு பாட்டு. அந்தப் பாட்டில் மூன்று அடிதான் எனக்கு வந்தது. நாலாவதில் முடிய வேண்டும், முடியவில்லை. எத்தனையோ மாதம் மண்டையை உடைத்துக்கொண்டும் வராமல், சரி, மூன்றோடு நிறுத்திக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு வரியும் என் வாய்க்கு என்று நானே வெட்டிய வரி. ராணிக்குக் கட்ட என் மனைவி ராசம்மாவின் கூறைச் சேலையைப் பெட்டியில் எடுத்து வந்திருந்தேன்.

"கிழிச்சுக்கிட்டு வந்தீங்கன்னா வீட்டுல சோறு கிடையாது, சொல்லிட்டேன்" என்று அவள் ஸ்டேஷன் வரை வந்து சொல்லி அனுப்பினாள்.

வகுப்பை நடத்திய இராமலிங்கம் ஐயா மூவாரில் இருந்து வருபவர், நாடகத்துக்கும் அவர்தான் எல்லாம். இரண்டாவது வாரம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். அவர் உட்காரவைத்தாலே எனக்குப் பயம்.

"கோவிந்தசாமி, கோவிச்சுக்காத. உனக்கு வயசு இருபத்தெட்டு ஆச்சு, மழிச்சாலும் மீசை நிழல் தெரியுது. இந்தக் காலேஜ் பையன் சாமுவேல் பாடுறத கேட்டியா? ராணிய அவனுக்குக் குடுத்துருவோம். நீ பின்னால இருந்து வசனம் எடுத்துக் குடு."

சாமுவேல் குளுவாங் பையன், பத்தொன்பது வயசு. கல்லூரி மாணவன், விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் விழாவுக்கு உதவி செய்கிறேன் என்று தங்கிவிட்டவன். குளியலறையில் அவன் பாடினால் துவைக்கிறவர்கள் துவைப்பதை நிறுத்திவிடுவார்கள். நிறம், முடி, கழுத்து, எல்லாம் ஆண்டவன் உட்கார்ந்து நிதானமாகச் செய்தது. எனக்கு வயிறு எரிந்தது. நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. அவன் பூட்ஸைப் பார்த்தால் எரியும், அவன் தட்டில் யாராவது இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினால் எரியும். என் கட்டிலுக்கு ஒரு கால் ஆடியதற்கும் அவன்தான் காரணம் என்று தோன்றிய நாள் உண்டு.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால் அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சின்ன வயதிலிருந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடம். பேசுவான், பாடுவான், எழுத்துக் கூட்டச் சொன்னால் விழிப்பான். ஆகவே என் நாடகத்தை நானே அவனுக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பன்னிரண்டு நாள், விடுதிப் படிக்கட்டில், சாயங்கால வேளையில், நான் சொல்ல அவன் திருப்பிச் சொல்ல.

"அண்ணே, இந்தக் கடைசி வசனம் மட்டும் நாக்குல நிக்கவே மாட்டேங்குது லா. நீங்க அடியை எடுத்துக் குடுத்தா புடிச்சுக்குவேன். குடுப்பீங்கல்ல?"

"குடுக்காம எங்க போறேன்" என்றேன்.

ஒரு ஏற்பாடும் செய்துகொண்டோம். வரி மறந்தால் அவன் இடது காதுத் தோட்டைத் தொடுவான், நான் அடுத்த வரியின் முதல் இரண்டு சொல்லைச் சொல்ல வேண்டும். நல்ல பிள்ளை, அண்ணே அண்ணே என்று உயிரை விட்டான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பொறாமைப்படுகிறவனுக்கு எதிராளி கெட்டவனாக இருந்தால் எவ்வளவோ சௌகரியம்.

கலைவிழாவின் மூன்றாம் நாள் வந்தது. ராசம்மாவின் கூறைச் சேலையை அவனுக்கு நானே கட்டிவிட்டேன், வேறு யாருக்கும் கொசுவம் வைக்கத் தெரியாது. அரிதாரம் பூசி, தோடு போட்டு, சவுரி முடி வைத்து அவனைக் கண்ணாடி முன்னால் நிறுத்தியபோது இராமலிங்கம் ஐயா கைதட்டினார்.

"கோவிந்தசாமி, நெசமா சொல்றேன், நீ கட்டியிருந்தாகூட இப்படி இருந்திருக்காது."

அந்த நிமிஷம் முடிவு செய்தேன். மற்றக் காட்சியெல்லாம் ஒழுங்காக எடுத்துக் கொடுப்பேன். கடைசி வசனத்தில் வாயைத் திறக்க மாட்டேன். மண்டபம் முழுக்கத் தோட்டத்து வாத்தியார்கள். பூட்ஸ் போட்ட பையன் தமிழில் தடுமாறினால் சிரிக்கக் காத்திருக்கிறவர்கள். குளுவாங்கிலிருந்து அவன் அப்பாவும் வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார், எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், வெள்ளைக் கோட்டு. அவர் முன்னாலேயே அவன் நின்று விழிக்கட்டும். நாடகமும் கெட்டுப்போகுமே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், என் நாடகம்தான், என் பெயர்தான். கெடட்டும் என்று நினைத்தேன். அந்த அளவுக்கு முற்றியிருந்தது.

மேடை எப்படி என்று கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. இடது பக்கம் ஒரு தட்டி, அதன் மறைவில் முக்காலி போட்டு நான். தட்டிக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆர்மோனியக்காரர் முத்துக்கறுப்பன். வலது பக்கம் தட்டி கிடையாது, மறைவு கிடையாது, மேடை நேராக மண்டபத்துச் சுவரில் போய் முட்டும். சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர். ஒரு பூனைகூட ஒளிந்துகொள்ள இடமில்லை.

கடைசிக் காட்சி. சாமுவேல் ஆற்றங்கரையில் வந்து நின்றான். முதல் மூன்று வரியை அருமையாகச் சொன்னான். நாலாவதில் நின்றான். கை மெல்ல எழுந்து இடது தோட்டைத் தொட்டது.

நான் நோட்டை மூடி மடியில் வைத்தேன். எங்கே இரக்கப்பட்டு வாய் தவறிவிடுமோ என்று தோள் துண்டின் முனையைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துக்கொண்டேன். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், துண்டு என் வாயில் இருந்தது.

அவன் மறுபடி தோட்டைத் தொட்டான். மண்டபத்தில் யாரோ இருமினார்கள். பின்வரிசையில் சிரிப்பு ஒன்று கிளம்பப் பார்த்தது. அவன் என் பக்கம் திரும்பினான். அரிதாரத்தையும் மீறி முகம் வெளுத்துவிட்டது. எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் காறித் துப்புவீர்கள்.

அப்போதுதான் வலது பக்கத்திலிருந்து, அந்த வெறும் சுவரிலிருந்து, ஒரு குரல் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தது.

என் குரல். எனக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்தது, 'ச' சொன்னால் லேசாக விசில் அடிக்கும், வகுப்பில் பையன்கள் அதை வைத்தே என்னைக் கேலி செய்வார்கள். அந்த விசிலோடு வந்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். உதட்டைத் தொட்டுப் பார்த்தேன், மூடியிருந்தது. துண்டு பல்லில் இருந்தது. நாக்கு அசையவில்லை. குரல் தன் பாட்டுக்கு எதிர்ச் சுவரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

சாமுவேல் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் நிம்மதியாகத் தலையசைத்தான், சொன்னது நான்தான் என்கிற மாதிரி. வரியைப் பிடித்துக்கொண்டான். அடுத்த வரி, அதற்கடுத்த வரி. ஒத்திகையில் நான் எப்போதும் அவசரப்படுத்துவேன், அவன் மூச்சு வாங்குவதற்குள் அடுத்த சொல்லை வீசுவேன். இந்தக் குரல் காத்திருந்தது. அவன் மூச்சு எடுக்கும்வரை பொறுத்து, சரியான இடத்தில், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி கொடுத்தது. நான் பன்னிரண்டு நாள் அப்படிக் கொடுத்ததே இல்லை. அந்தப் பயத்திலும் என் மனசில் ஓடியது என்ன தெரியுமா? இது என்னைவிட நன்றாகச் செய்கிறதே என்பதுதான்.

வசனம் முடிந்து பாட்டு தொடங்கியது. மூன்று அடியும் பாடி முடித்துவிட்டான். முத்துக்கறுப்பன் கையை எடுக்கப் போகிறார், படுதாக் கயிற்றைப் பிடித்திருந்தவர் இழுக்கப் போகிறார், அப்போது குரல் நாலாவது அடியை எடுத்துக் கொடுத்தது.

நோட்டில் இல்லாத அடி. எனக்கு வராத அடி. ராணி ஆற்றைத் திட்டுவதை நிறுத்திவிட்டு, எந்த ஊர்க் கரையில் ஒதுங்கினாலும் அங்கே இருக்கிற தாய் உன்னைத் தூக்கிக்கொள்ளட்டும், நான் இனி தேடி வந்து உன்னைப் பிரிக்க மாட்டேன் என்கிற மாதிரி ஒரு பொருள். சொற்கள் எனக்கு நினைவில் தங்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கும்போதே கைநழுவிப் போயின. பொருள் மட்டும் தங்கியது. சாமுவேல் ஒவ்வொரு சொல்லாக வாங்கிப் பாடினான். ஆர்மோனியம் பின்னாலேயே போனது. இரண்டாம் வரிசையில் அந்த டிரஸ்ஸர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிக்க வந்த வாத்தியார்கள் அழுதார்கள். படுதா விழுந்ததும் கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது.

சாமுவேல் கூறைச் சேலையோடு ஓடிவந்து என் காலில் விழுந்தான். வேதக்காரப் பிள்ளை, மனுஷன் காலில் விழுகிற வழக்கமே அவர்கள் வீட்டில் கிடையாது.

"அண்ணே, நீங்க மட்டும் இல்லன்னா இன்னிக்கு எங்கப்பா முன்னால நான் செத்திருப்பேன்."

முத்துக்கறுப்பன் என் பக்கம் திரும்பி, "என்ன வாத்தியாரே, முதல்ல பேசாம இருந்து மிரட்டிட்டீங்க? அப்புறம் என் காதுக்குப் பின்னாலயே கணீர்னு கேட்டுச்சு" என்றார். அவர் காதுக்குப் பின்னால் இருந்தது நான் மட்டும்தான். எல்லோருக்கும் அது என் இடத்திலிருந்து கேட்டிருக்கிறது. எனக்கு மட்டும் எதிர்ச் சுவரிலிருந்து.

இராமலிங்கம் ஐயா தோளைப் பிடித்து உலுக்கினார். "நாலாவது அடிய எப்படா எழுதின? எங்கிட்ட மூச்சு விடலையே!"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இன்னிக்குத்தான் ஐயா வந்துச்சு" என்று சொல்லிப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். துண்டை எடுத்துப் பார்த்தால் முனையில் என் பல் பட்டு இரண்டு இடத்தில் நூல் பிரிந்திருந்தது.

மறுநாள் காலை ரயிலில் நானும் சாமுவேலும் ஒரே பெட்டி. அவன் அப்பா முந்தின ராத்திரியே கிளம்பிப் போயிருந்தார். அவன் குளுவாங்கில் இறங்க வேண்டும், நான் லாபிஸுக்குப் போக வேண்டும். ரெங்கம் தாண்டும்வரை வாயோயாமல் பேசிக்கொண்டு வந்தவன், திடீரென்று குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, ஒன்னு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளு."

"படுதா விழுந்ததும் எங்காதுகிட்ட வந்து ஒன்னு சொன்னீங்களே. என்னைய மன்னிச்சிரு தம்பின்னு. எதுக்குண்ணே?"

படுதா விழுந்தபோது நான் முக்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"அது..." என்றேன். ஜன்னலுக்கு வெளியே ரப்பர் பால்மரங்கள் வரிசை வரிசையாக ஓடின. இப்போதாவது நானே என் வாயால் சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

"நீங்க எதுக்குண்ணே மன்னிப்பு கேக்கணும்? உங்க பார்ட்ட எடுத்துக்கிட்டவன் நான்தானே" என்றான் அவன். குளுவாங் வந்துவிட்டது. இறங்கி, ரயில் நகரும்வரை பிளாட்பாரத்தில் கையசைத்துக்கொண்டு நின்றான்.

அதோடு அவனை நான் பார்க்கவில்லை. படிப்பை முடித்து அவன் குளுவாங்கிலேயே இங்கிலீஷ் பள்ளி வாத்தியாராகிவிட்டான். யாரையோ வைத்துத் தமிழில் எழுதிக் கடிதம் போட்டான், பதில் போடவில்லை. கல்யாணப் பத்திரிகை அனுப்பினான், போகவில்லை. அரை நாள் பயணம்கூட இல்லை, போகவில்லை. முதலில் வெட்கம் என்று நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்ததில் வெட்கம் இல்லை, பழைய எரிச்சல்தான், அவனை விட்டுவிட்டு அந்தக் குரல் மேல் திரும்பியிருந்தது. என்னால் முடிக்க முடியாத பாட்டை அது முடித்தது, என்னால் கேட்க முடியாத மன்னிப்பை அது கேட்டது. எனக்கு என்ன மிச்சம்? அடுத்த விடுமுறை வகுப்புக்கு நாடகம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அதற்கடுத்த வருஷமும் உட்கார்ந்தேன். ராசம்மா தினமும் மேசையைத் துடைத்துக் காகிதம் வைப்பாள், மையூற்றி வைப்பாள். அந்த நாளிலிருந்து இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை.

யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்துபோய் சில வருஷம் கழித்து, சாமுவேல் காய்ச்சலில் போய்விட்டான் என்று செய்தி வந்தது. வயது முப்பத்து சொச்சம். அடக்கத்துக்குப் போக முடியவில்லை, ஒரு வாரம் கழித்துத்தான் போனேன். குளுவாங்கில் கடைத்தெருவுக்குப் பின்னால் பலகை வீடு. அவன் மனைவி எஸ்தர் கதவைத் திறந்தாள். முன்பின் பார்த்ததில்லை. யார் என்று கேட்கிற மாதிரி நின்றாள்.

"நான் லாபிஸ் கோவிந்தசாமி. சாமுவேலுக்குத் தெரிஞ்சவன்" என்றேன்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "உள்ள வாங்கண்ணே. பேச்சைக் கேட்டதுமே தெரிஞ்சிருச்சு. இத்தன வருஷமும் கொரலத்தான் கேட்டிருக்கேன். இன்னிக்குத்தான் மொகத்தப் பாக்குறேன்."

எனக்குப் புரியவில்லை.

"மத்தியானத்துலதானே வருவீங்க. அவரு முன்னறையில இருப்பாரு, நீங்க பேசுறது அடுப்படிக்குக் கேக்கும். நான் கோப்பி கலக்கிக்கிட்டு வர்றதுக்குள்ள கெளம்பிப் போயிருப்பீங்க. ஒரு வாய் கோப்பி குடிக்காம போறாரே உங்கண்ணன்னு அவருகிட்ட சண்டைகூடப் போட்டிருக்கேன். காய்ச்சல்ல கெடந்தப்பகூட வந்தீங்களே. அன்னிக்குத்தான் அவரு சிரிச்சாரு."

"என்ன பேசுவேன்?" என்று கேட்டேன். கேட்டது எனக்கே விநோதமாக இருந்தது.

"நாடகம்தான், வேற என்ன? ஒன்னு முடிஞ்சா இன்னொன்னு. நீங்க எடுத்துக் குடுப்பீங்க, அவரு திருப்பிச் சொல்லுவாரு. எத்தன நாடகம், எத்தன பாட்டு! எல்லாத்தயும் எழுதி வச்சிருப்பீங்கல்ல அண்ணே?"

அவள் என்னை நம்பிக்கையோடு பார்த்தாள். கோப்பி கொண்டுவந்தாள், குடித்தேன், அந்த வீட்டில் முதல் தடவையாக.

இப்போது எனக்கு நல்ல வயதாகிவிட்டது. ராசம்மாவும் போய்விட்டாள். மத்தியானத்தில் சாப்பிட்டுவிட்டுப் படுக்க மாட்டேன், மேசை முன்னால் உட்காருவேன், மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை. கதவைத் திறந்துதான் வைப்பேன். அவனுக்கு அத்தனை வருஷம் சொன்ன குரல் எனக்கு ஒரே ஒரு வரி சொன்னாலும் போதும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை வரவில்லை.